ஐந்து ஆண்டில் இரண்டு பட்டம்: பினாங்கு, பிறையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. அன்றைக்கு மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தீர்கள். நின்றபடியே பத்து நிமிடம் பேசினோம். நீங்கள் கேட்டது பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை. இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் வருகிறார்கள் என்பதால், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை.

அன்று இரண்டு தாள்களைக் காட்டினீர்கள். ஒன்று, ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத் தாள். பொது நிர்வாகத்தில் இளங்கலையும் முதுகலையும் சேர்த்து ஐந்தே ஆண்டில் என்று போட்டிருந்தது. மற்றொன்று மின்சார பில். அதன் பின்பக்கத்தில் உங்கள் கணவர் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். நான்கும் இரண்டும் ஆறு, அதில் ஒன்று போனால் ஐந்து. அந்த ஒன்றைச் சுற்றி இரண்டு தடவை வட்டம். ஒரு வருஷம் முன்னாடியே வேலைக்குப் போய்விடலாமே ஐயா என்று கேட்டீர்கள். பிள்ளையின் படிப்புக்காக ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடும் அப்பா கிடைப்பது பெரிய கொடுப்பினை. ஆனால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒரு வருடத்தைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற கணக்கில் சொல்வார்கள். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். பொது நிர்வாக முதுகலைக்குப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 36 முதல் 48 வரை. சேர்த்துப் படிக்கும் திட்டத்தில் மாணவர் மூன்றாம் ஆண்டு வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் சராசரி நன்றாக இருந்தால்தான் எடுப்பார்கள். அதாவது, இப்போது சேரும்போதே இரண்டு பட்டமும் உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. இடம் கிடைத்தால், நான்காம் ஆண்டில் சில முதுகலைப் பாடங்களை எடுக்கலாம். அவை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் ஏறும்.

எத்தனை பாடம் அப்படி ஏறும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 12 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடம் 3 கிரெடிட் என்றால் நான்கு பாடம். முதுகலையில் நான்கு பாடம் என்பது ஒரு பருவத்தின், அதாவது ஒரு செமஸ்டரின், முழுச் சுமை. ஆக, உண்மையில் மிச்சமாவது ஒரு பருவம்தான். ஐந்தாண்டு என்று சொல்வதற்கு வேண்டிய மீதியைக் கோடை விடுமுறையில் பாடம் எடுத்தோ, கடைசி ஆண்டில் சுமையைக் கூட்டியோ சரிக்கட்டுவார்கள். கோடைப் பாடத்துக்கும் கட்டணம் உண்டு. அந்த விடுமுறையில்தான் மற்ற பிள்ளைகள் வேலைப் பயிற்சிக்குப் போவார்கள். மிச்சம் பிடித்த மாதங்களுக்கு வேறொரு கையால் விலை கொடுக்கிறோம்.

இன்னொன்று, முதுகலை மாணவராக மாறியதும் கட்டண விகிதம் மாறலாம். இளங்கலைக்குக் கிடைத்த உதவித்தொகை அத்தோடு நின்றுபோகலாம். பிடிபிடிஎன் என்ற நம் அரசாங்க உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், அங்கே கைகொடுக்காது. வீட்டை அடகு வைத்தாவது என்று நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தயவுசெய்து அந்த முடிவுக்கு இப்போது போக வேண்டாம்.

சரி, பணத்தை விடுவோம். இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் மகளுக்கு என்ன வேலை வேண்டும்?

அதை அவளிடமே கேட்டேன். நீங்கள் அப்போது கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். பாட்டியின் பிறப்புப் பத்திரக் கதையைச் சொன்னாள். தோட்டத்தில் பிறந்தவர், தாளில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். மூன்று தடவை அலைந்தபின், நான்காவது தடவை ஓர் இளம் அதிகாரி முகப்பைவிட்டு வெளியே வந்து, பாட்டியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டுப் பாரத்தை நிரப்பினாராம். பாட்டிக்குக் கண்ணாடி இல்லை என்பதால் எழுதியதை ஒரு தடவை வாசித்தும் காட்டினாராம். "அந்த அக்கா மாதிரி இருக்கணும் சார்" என்றாள். அம்மா, எத்தனையோ பிள்ளைகளிடம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்கிறேன். சம்பளம், பென்ஷன் என்றுதான் பதில் வரும். அதில் தவறில்லை. ஆனால் இந்தப் பதில் வேறு ரகம். இந்த ஆசையைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் நமக்கு வேலை.

அவள் போக நினைப்பது மலேசிய அரசுச் சேவை. அந்தக் கதவு முதல் பட்டத்தில் திறக்கிறது. முதுகலை இருப்பதற்காக அதைவிட உயரமான வாசல் ஒன்றைத் தனியாகத் திறந்துவிட மாட்டார்கள். பிடிடி என்று சொல்கிறோமே, நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பதவித் தரம் முன்பு எம்41 என்று இருந்தது. 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்தபின் எம்9. அதற்கு வேண்டியது அங்கீகரிக்கப்பட்ட இளங்கலைப் பட்டம், எந்தத் துறையானாலும் சரி. பொறியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள், அறிவியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். பொது நிர்வாகம்தான் படித்திருக்க வேண்டும் என்றுகூடக் கிடையாது. பொதுச் சேவை ஆணையத்தில் விண்ணப்பித்து, தேர்வு எழுதி, மதிப்பீட்டு முகாமில் பேச்சு, குழு விவாதம் என்று தேறி, அப்புறம் நேர்காணல். இத்தனை படியிலும் முதுகலைச் சான்றிதழ் அவளுக்காக எதையும் எழுதித் தராது. அவள்தான் எழுத வேண்டும், அவள்தான் பேச வேண்டும்.

உள்ளே போனவர்களுக்கு அரசாங்கமே படிப்பும் சொல்லிக் கொடுக்கிறது. பிடிடி பயிற்சி அதிகாரிகள் இந்தான் என்ற தேசியப் பொது நிர்வாகக் கழகத்தில் முதுநிலை டிப்ளோமா படிக்கிறார்கள். கோலாலம்பூரில் புக்கிட் கியாராவில் இருக்கிறதே, அந்த இடம்தான். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1959-இல் போர்ட்டிக்சனில் அரசு அதிகாரிகளுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். 1966-இல் மாண்ட்கோமரி, எஸ்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் நம் நிர்வாகத்தை ஆராய்ந்து, அதிகாரிகளின் பயிற்சியையும் திறனையும் வளர்க்கச் சொல்லி அறிக்கை கொடுத்தார்கள். 1972-இல் இந்தான் உருவானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டதாரியை எடுத்து, நாமே அதிகாரியாக்குவோம் என்பதுதான் இந்த நாட்டு வழக்கம். முழு அதிகாரியாக வெளியே தயாராகி வா என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

முதுகலை வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் எப்போது என்பதுதான். பணியில் உறுதிப்படுத்தப்பட்ட அதிகாரிகளுக்கு ஹாடியா லத்திஹான் பெர்செக்குத்துவான் என்ற கூட்டரசுப் பயிற்சி உதவி இருக்கிறது. கிடைத்தால் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்கும், முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பும் கிடைக்க வழியுண்டு. முடித்ததும் ஒப்பந்தப்படி சேவை செய்ய வேண்டும். போட்டி இருக்கிறது, எல்லோருக்கும் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்காவிட்டாலும் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். நீங்கள் வீட்டை அடகு வைத்துக் கட்ட நினைத்த கட்டணத்தை, ஏழெட்டு வருடம் கழித்து வேறொருவர் கட்ட வாய்ப்பிருக்கிறது.

இதில் பணம் மட்டுமே இல்லை. அமெரிக்காவில் பொது நிர்வாக முதுகலை சிராகியூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் பள்ளியில் 1924-இல் தொடங்கியது. அன்று முதல் அது நிர்வாகம் செய்யப்போகிறவர்களுக்கான தொழிற்படிப்பு. பட்ஜெட் போடுவது, ஆட்களை நடத்துவது, ஒரு திட்டம் பலன் தந்ததா என்று புள்ளிவிவரத்தோடு அளப்பது, இதெல்லாம்தான் பாடம். அங்கே பல இடங்களில் வேலை அனுபவம் இல்லாதவர்கள் கட்டாயம் களப்பயிற்சிக்குப் போக வேண்டும், அனுபவம் உள்ளவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த வகுப்பில் உட்காரும்போது, ஒரு மாவட்ட அலுவலகத்தில் வெள்ள நிவாரணப் பட்டியல் போட்டுப் பார்த்தவருக்குப் புரிவது வேறு, இருபத்திரண்டு வயதில் நேராக வந்தவருக்குப் புரிவது வேறு. என்னிடம் ஆலோசனைக்கு வந்து, பின்னாளில் வேலையிலிருந்து முதுகலைக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் சேர்த்துப் படிக்கும் திட்டம் யாருக்கு? வெளிநாட்டில் கொள்கை ஆய்வு நிறுவனங்களிலோ தொண்டு அமைப்புகளிலோ வேலை தேட நினைப்பவர்களுக்கு, ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு, முழு உதவித்தொகை கையில் வைத்திருப்பவர்களுக்கு. அவர்களுக்கு நான் தாராளமாகப் போ என்பேன். நாளை உங்கள் மகள் மனம் மாறி அந்தப் பக்கம் போக விரும்பினாலும் தடுக்க வேண்டாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் ஒரு பதில் வாங்குங்கள். நான்காம் ஆண்டு முடிவில் இளங்கலைப் பட்டத்தைத் தனியாகக் கொடுப்பார்களா, அல்லது ஐந்தாம் ஆண்டு இரண்டையும் ஒன்றாகத்தான் கொடுப்பார்களா? இதை யாரும் கேட்பதில்லை. ஒன்றாகத்தான் என்றால், நடுவில் உடம்புக்கு முடியாமலோ பணம் முடைப்பட்டோ திரும்பி வர நேர்ந்தால், நாலு வருடம் படித்தும் கையில் ஒரு தாள் இருக்காது. பட்டதாரிகளுக்கான அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது. முதுகலையைத் தொடராவிட்டாலும் இளங்கலை செல்லுமா என்றும், அந்தப் பட்டத்தை இங்கே அரசாங்கம் ஏற்கிறதா என்றும் சேர்த்தே விசாரித்துவிடுங்கள்.

உள்நாட்டில் அவளுக்கு நல்ல வழி இருக்கிறது. நம் தகுதி அமைப்பில் இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், வகுப்புப் பாடங்களாகப் படிக்கும் முதுகலைக்குக் குறைந்தது 40. இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதுதான் இங்கே பழக்கம். கெடாவில் சிந்தோக்கில் இருக்கும் யூயூஎம் என்ற உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்துக்குப் பேர் போனது, பிறையிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்து துணி துவைத்துக்கொண்டு போகிற தூரம்தான். பொது நிர்வாக முதுகலை பின்னாளில் வேண்டுமென்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் உண்டு. இப்போது அவள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறில் இருக்கிறாள். படிவம் ஆறின் எஸ்டிபிஎம் தேர்வுப் புள்ளியும் முவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் நன்றாக வந்தால், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் யூயூஎம் பொது நிர்வாகத்தை முதல் தேர்வாகவே போடலாம். அரசியல் அறிவியல், பொருளாதாரம் போன்றவற்றையும் அடுத்தடுத்த இடங்களில் போடுங்கள். பிடிடிக்குத் துறை தடையில்லை என்று முன்பே சொன்னேன். எனவே அவற்றில் ஒன்று கிடைத்தாலும் அழ வேண்டியதில்லை.

பிடிடி ஒன்றையே குறிவைத்து உட்கார்ந்துவிடவும் கூடாது. அதற்குக் கூட்டம் அதிகம். குடிநுழைவு, சுங்கம், சமூக நலன் என்று பட்டதாரிப் பதவிகள் பல இருக்கின்றன. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் மாநகர் மன்றங்கள் இருக்கின்றன. அவள் பார்த்த அந்த அக்கா பிடிடி அதிகாரியாக இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம் பிள்ளைகளில் பலர், நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும் என்று விண்ணப்பமே போடுவதில்லை. எனக்கு அதுதான் மிகவும் வருத்தம். போட்டுக் கிடைக்காமல் போனால் அடுத்த தடவை போடலாம். போடவே போடாவிட்டால் என்ன செய்வது?

கடைசியாக, கொஞ்சம் கவலைப்படுத்திய ஒரு விஷயம். படிவம் ஐந்தில் எழுதிய எஸ்பிஎம் தேர்வில், மலாய்மொழியில் அவளுக்கு வந்திருப்பது டி. பாஸ்தானே என்றீர்கள். பல்கலைக்கழகம் ஒருபுறம் இருக்கட்டும், அரசுப் பதவிக்கு மலாய்மொழியில் டி-க்கு மேலான 'கிரெடிட்' தரம் வேண்டும். இரண்டு முதுகலை வைத்திருந்தாலும் இந்த ஒரு வரியில் விண்ணப்பம் நின்றுவிடும். நல்லவேளையாக அந்தப் பாடத்தை மட்டும் மீண்டும் எழுத வழி இருக்கிறது. படிவம் ஆறு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், பதிவுத் தேதியைப் பள்ளியிலோ மாநிலக் கல்வி இலாகாவிலோ இந்த வாரமே கேளுங்கள். பேச்சில் அவளுக்குத் தடுமாற்றம் இல்லை, என்னிடம் சரளமாகவே பேசிக் காட்டினாள். கட்டுரையில்தான் எங்கோ புள்ளி போகிறது. அவள் கடைசியாக எழுதிய இரண்டு கட்டுரைகளை, ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியபடியே, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு ஷிப்ட் இல்லையென்றால் அவரையும் அழைத்து வாருங்கள். அந்த மின்சார பில்லையும் எடுத்து வரட்டும், பின்பக்கத்தில் இன்னும் இடம் இருந்தது.