30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் சரியாகுமா?

கேள்வி: ஐயா, மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். விடியற்காலையில் என் பழைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தான் சந்தைக்குப் போவேன். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று ஆன்லைனில் 300 வாட் எல்இடி பார் (நீளப் பட்டை மாதிரியான கூடுதல் விளக்கு) ஒன்று வாங்கினேன். பழைய கட்டில் சட்டத்தை வெட்டி பம்பரில் பிடித்து, இடது ஹெட்லைட்டின் ஹைபீம் வயரிலிருந்தே கரண்டும் எடுத்தேன். ஓட்டிப் பத்து நிமிடத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது. பட்டறையில் 30 போடச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் வண்டியை அண்ணன் பெயருக்கு மாற்ற வேண்டும். பாரைக் கழற்றாமலே சோதனையில் பாஸ் வாங்கித் தருவதாக ஒருவர் 350 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: 30 போடாதீர்கள் தம்பி. ஏற்கெனவே போட்டிருந்தால், மீதியைப் படிப்பதற்கு முன் போய்ப் பிடுங்கிவிடுங்கள்.

ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்றுவதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. அந்த வயர் எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரன் 15 வைத்திருக்கிறான். திருடன் வந்ததும் சத்தம் போடுகிற காவல்காரரை நிறுத்திவிட்டு, காது கேளாத ஆளை வேலைக்கு வைப்பது போன்றதுதான் 30 போடுவது. அதன் பிறகு ஃபியூஸ் போகாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர் இளகும், உறை ஒன்றோடொன்று ஒட்டும், மீன் பொரித்த எண்ணெய் தீய்ந்த மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடை மூக்குக்கு எட்டும்போது நெருப்பு உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை ஃபியூஸில் சுற்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இதே கதைதான்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் 300 வாட் உண்மையாக இருந்தால் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும். ஹைபீம் பல்பு எச்4 வகை, 60 வாட் என்றால் அது 5 ஆம்பியர். ஆகமொத்தம் 30. அப்படி இருந்தால் 15 ஆம்பியர் ஃபியூஸ் சீக்கிரமே போயிருக்கும், உங்களுடையது பத்து நிமிடம் தாங்கியிருக்காது. ஃபியூஸின் அளவை மூன்றில் ஒரு பங்கு மீறினால்தான் ஃபியூஸ் இப்படி மெதுவாகச் சூடாகி உருகும். ஆக மொத்தம் 20 ஆம்பியர் போகிறது, அதில் பார் இழுப்பது 15 அளவு என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் எழுதியிருப்பது விற்பதற்கான எண். பாருடன் வந்த வயரைப் பிடித்துப் பாருங்கள், 25 ஆம்பியர் போகிற தடிமனா அது?

எனக்குப் பெரிய கவலை வேறு. ஃபியூஸ் போகிற அந்த நொடியில் பாரும் இடது ஹைபீமும் சேர்ந்து அணைகின்றன. தெலுக் இந்தான் சாலையில் விடியலுக்கு முன் எதிரே வருகிற செம்பனைக் குலை லோரிக்காரருக்கு உங்கள் வலது விளக்கு ஒன்றுதான் தெரியும். மோட்டார் சைக்கிள் என்று நினைத்து உங்கள் பக்கம் நெருக்கமாக ஒட்டி வருவார்.

உங்கள் ஹெட்லைட் ஏன் மங்கல் என்று யாரும் பார்க்கவில்லையே, அங்கேதான் எனக்குக் கோபம். மங்கல் என்றதும் பாரை விற்கிறார்கள். ஒரு வோல்ட் மீட்டரை எடுத்து இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 14 வோல்ட் பக்கம் காட்டும். லைட்டைப் போட்டுவிட்டு அதே மீட்டரைப் பல்பின் சாக்கெட்டில் வைத்தால், பழைய வண்டிகளில் 12க்கும் கீழே காட்டுவதைப் பார்க்கலாம். நடுவில் போன வோல்ட் எல்லாம் துருப்பிடித்த எர்த்திலும் (கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு) தேய்ந்த சுவிட்சிலும் சூடாகிப் போய்விட்டது. ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும். பல்பு மேல் பழி போட்டு என்ன பயன்?

எர்த்தை முதலில் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெட்லைட்டின் எர்த் வயர் பாடியில் பிடித்திருக்கும் போல்ட்டை அவிழுங்கள். வளையத்துக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகப் பொருக்கு இருக்கும். மணல் தாளால் வளையத்தையும் அது உட்காருகிற இடத்தையும் வெள்ளி மாதிரி பளபளக்கும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளடித்திருந்தால் அதையும் பாலீஷ் போட்டு எடுங்கள். நாள் முழுக்க மழையும் பனியும் படுகிற தோட்டத்து வண்டிக்கு இந்த இரண்டுமே பாதி மருந்து.

மீதிப் பாதி ரிலே, அதாவது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச். பழைய ஹைபீம் வயர் ரிலேவின் 85, 86 கால்களுக்குப் போகட்டும். அது இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் ஒன்று 30ஆம் காலுக்கு, 87இலிருந்து பல்புக்கு. லோபீமுக்கும் இதே மாதிரி தனி ரிலே. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் அதற்கு முந்தைய வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஒன்றுமே இல்லை. இரும்புத் தகட்டுத் துளைக்குள் போகிற இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். வயரைக் கடித்து இணைக்கிற அந்த நீலக் கிளிப்புகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு மழைக்காலம் தாண்டினால் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். பல்பு கம்பெனி போட்ட 60/55 வாட்டே இருக்கட்டும். அதற்குச் சரியான வோல்ட் போனால், இந்த வெளிச்சத்துக்கா பார் வாங்கினோம் என்று நீங்களே கேட்பீர்கள்.

பார் வேண்டும்தான் என்றால் அதற்கும் தனி ரிலே, 4 சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ். ஆனால் பொதுச் சாலையில் அதைப் போட்டு ஓட்ட அனுமதி இல்லை. கவர் மாட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒன்றும் சொல்லாது என்று கடைக்காரர் சொல்வார். சாலைத் தடுப்பில் நிறுத்தும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

‘தோட்டத்து ரோட்டில்தானே போடுகிறேன்’ என்று கேட்பீர்கள். இதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சாலை என்று சொல்வது அரசாங்கம் தார் போட்டதை மட்டும் அல்ல. பொதுமக்கள் போய்வரக்கூடிய வேறு எந்தப் பாதையும் அதில் சேரும். உங்கள் தோட்டத்தில் கேட் பூட்டி, காவலாளி நின்று, வெளியாள் யாரும் நுழைய முடியாத செம்பனை வரிசைகளுக்கு நடுவே குலை ஏற்ற வண்டி போகிறது என்றால் அது வேறு. ஆனால் அதே தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், தமிழ்ப்பள்ளிக்கு பஸ் வருகிறது, மளிகைக் கடைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்றால், அந்தச் செம்மண் பாதை நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தாலும் சாலைதான். கேட் பகலில் திறந்து இரவில் பூட்டினால்? திறந்திருக்கும் நேரத்தில் சாலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் யாருடையது என்று பார்க்காதீர்கள், யாரெல்லாம் போகலாம் என்று பாருங்கள். மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) சரி என்றார் என்பது பதில் ஆகாது.

இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க எந்த இலாகாவுக்கும் நேரமில்லை. மாட்டக்கூடாத பார் ஊருக்கு ஊர் கடையில் தொங்குகிறது, விற்பவரை யாரும் கேட்பதில்லை, வாங்கி மாட்டியவருக்குத்தான் சம்மன். இருட்டுச் சாலைக்குத் தெருவிளக்கு போட்டிருந்தால் பாதிப் பேர் பாரே வாங்கியிருக்க மாட்டார்கள்.

350 வெள்ளிக்காரர் விஷயம். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனைக்கு உள்ள கட்டணம் அவர் கேட்பதோடு ஒப்பிட்டால் சொற்பம். மீதி எதற்கு? காப்பிக் காசு என்று காதில் சொல்வார்கள். இவர்கள் செய்வது அநேகமாக இதுதான்: உங்கள் வண்டியை எடுத்துப்போய் ஒரு மூலையில் பாரை அவிழ்த்து, சோதனைக்கு விட்டு, வெளியே வந்ததும் திரும்ப மாட்டிக் கொடுப்பார்கள். பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் இருந்தால் உங்களுக்கே பதினைந்து நிமிட வேலை. உண்மையிலேயே உள்ளே காசு கொடுக்கிறவராக இருந்தால் இன்னும் மோசம். லஞ்ச வழக்கில் கொடுத்தவரும் குற்றவாளிதான், பதிவுப் பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். பத்திரத்தின் அசலையும் அடையாள அட்டை நகலையும் அவரிடம் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கி வாருங்கள்.

அப்புறம் பாரை அவிழ்த்து, நீங்கள் வெட்டி இணைத்த வயரைப் பழையபடி மூடி, 15 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டு, சோதனைக்கு நீங்களே ஆன்லைனில் நாள் குறித்துக்கொண்டு போங்கள். கட்டில் சட்டத்தையும் அதோடு கழற்றிவிடுங்கள். வெட்டிய முனை பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள்.