7 வயதுக் குழந்தைக்கு சரளி வரிசையை வீட்டிலேயே எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மகளுக்கு 7 வயது, வீட்டில் ஒரு கீபோர்டு இருக்கிறது, பாட்டு வகுப்பில் சேர்ப்பதற்கு முன் நீங்களே தொடங்கிவைக்க நினைக்கிறீர்கள், சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்தின் முதல் ஸ்வரப் பயிற்சிகள்) பதினான்கையும் முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். முதல் சரளி வரிசையை ஸ்ருதி (பாட்டுக்கு ஆதாரமான ஒலி) விலகாமல் மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) பாடத் தெரிந்துவிட்டால் மற்றவை சீக்கிரம் வந்துவிடும். அது சரியாக வராமல் பதினான்கையும் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகள்தான் அலங்காரத்துக்கு (பல தாளங்களில் அமைந்த பிந்தைய பயிற்சிக்கு) வந்ததும் முழிக்கிறார்கள்.

முதலில் ஸ்ருதியை முடிவு செய்யுங்கள். கட்டை என்பது ஸ எந்த உயரத்தில் இருக்கும் என்பதைச் சொல்லும் எண்: கீபோர்டின் C 1 கட்டை, A 6 கட்டை. 5 கட்டை, 5½, 6, 6½ என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாடச் சொல்லுங்கள். சரளி வரிசைகள் எல்லாம் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்திலிருந்து (நடு ஸ-விலிருந்து) மேல் ஸட்ஜம் வரைதான். அதனால் மேல் ஸட்ஜத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது, கீழ் ஸட்ஜத்தில் குரல் காற்றாகப் போகக் கூடாது. பல சின்னக் குழந்தைகளுக்கு 6 கட்டை ஒத்துவரும். அம்மாவுக்கு 5 கட்டை சௌகரியம் என்பதற்காகக் குழந்தையையும் அதில் உட்காரவைத்தால் ஸட்ஜம் முனகலாகத்தான் வரும்.

தம்புரா ஆப் (ஸ-வும் ப-வும் தொடர்ந்து ஒலிக்கும் செயலி) போதும், ஸ்ருதிப் பெட்டி வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் நாதம் சரியாகக் கேட்காது, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடுங்கள். குழந்தையின் குரலை அமுக்காத அளவுக்குச் சத்தம் இருக்கட்டும். இயர்போன் மாட்டிக்கொண்டு பாடினால் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது.

முதல் இரண்டு வாரம் எல்லா ஸ்வரங்களுக்கும் போகாதீர்கள். ஸ, ப, மேல் ஸ மூன்றும் போதும். "ஸா" என்று ஒரு மூச்சு முழுக்க நீட்டி, அது தம்புராவோடு கரைகிறதா என்று கேட்கப் பழக்குங்கள். குழந்தைக்கு ஸ்ருதி சேரவே இல்லை என்றால் "இங்கே வா, இங்கே வா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. எதிர்ப்பக்கமாகச் செய்யுங்கள். குழந்தை எந்த இடத்தில் "ஸா" சொல்கிறதோ, அந்த இடத்தைக் கீபோர்டில் தேடிப் பிடித்து அதையே அழுத்துங்கள். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது எப்படி இருக்கும் என்று அதன் காதுக்கு முதல் தடவை புரியும். பிறகு அரைக் கட்டை, அரைக் கட்டையாக (கறுப்பையும் சேர்த்து ஒவ்வொரு கட்டையாக) நகர்த்திக்கொண்டு போங்கள்.

சொல்லிக்கொடுப்பது அப்பாவாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஆண்குரலின் ஸட்ஜம் குழந்தையின் ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி (ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையான தூரம்) கீழே, அல்லது அதன் பக்கத்தில் எங்கோ இருக்கும். குழந்தை அதைப் பார்த்துப் பாட முயன்று தொண்டையைக் கீழே இறக்கும், அல்லது நடுவில் எங்கேயாவது நிற்கும். காது மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்வரத்தைக் கீபோர்டில் காட்டுங்கள், அல்லது அம்மா பாடிக்காட்டட்டும்.

அடுத்தது ராகம். ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளையில் அமைத்தவர் 16ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பது மரபு. தாய் ராகங்களான 72 மேளங்களில் இது 15ஆவது. இதைத் தேர்ந்தெடுத்ததன் சௌகரியம் கீபோர்டைப் பார்த்தாலே தெரியும். 1 கட்டையில் ஸ, க, ம, ப, நி ஐந்தும் வெள்ளைக் கட்டைகள். ரி, ஸட்ஜத்தை ஒட்டிய கறுப்பு. த, பஞ்சமத்துக்கு (ப) அடுத்து மேலே உள்ள கறுப்பு. ஸ ரி க ம என்ற பாதியும் ப த நி ஸ என்ற பாதியும் ஒரே அச்சு: அரைக் கட்டை, பிறகு ஒன்றரைக் கட்டைத் தாவல், பிறகு அரைக் கட்டை. ஒரு பாதி வந்துவிட்டால் மறு பாதி பாதி வேலைதான். கீபோர்டில் 6 கட்டை வேண்டுமென்றால் விரல் அமைப்பை மாற்ற வேண்டாம். நடு ஸ்தாயியில் 1 கட்டைக்கு வாசிக்கிற மாதிரியே வைத்துக்கொண்டு ட்ரான்ஸ்போஸை (ஸ்ருதியை மாற்றும் வசதி) மைனஸ் 3இல் வையுங்கள். 5½ என்றால் மைனஸ் 4, 6½ என்றால் மைனஸ் 2.

பெரும்பாலும் தப்புவது ரிஷபமும் (ரி) தைவதமும் (த). பள்ளிக்கூடப் பாட்டுகளிலும் விளம்பரப் பாட்டுகளிலும் குழந்தை அதிகம் கேட்டிருப்பது சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களை (1 கட்டையில் எல்லாமே வெள்ளைக் கட்டை). அதனால் ரி தானாக மேலே ஏறி வெள்ளைக் கட்டைக்குப் போய்விடும், த-வும் அப்படியே. அடுத்து காந்தாரம் (க). ரி-யிலிருந்து க-வுக்கு ஒன்றரைக் கட்டை எகிற வேண்டும், எகிறாமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். க-வை ரி-யிலிருந்து சொல்லிக்கொடுக்காமல் ம-விலிருந்து இறக்கிச் சொல்லிக்கொடுங்கள். ம க ம, ம க ம என்று நாலைந்து தடவை பாடினால் க எங்கே இருக்கிறது என்று பிடிபட்டுவிடும். அதே மாதிரி ஸ ரி ஸ, ப த ப, மேல் ஸட்ஜத்திலிருந்து ஸ் நி ஸ். நான்குமே அரைக் கட்டை அசைவுதான். தினம் பாடத்துக்கு முன் இந்த நான்கையும் பாடவைத்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. கீபோர்டைக் கூடவே வாசித்துக்கொண்டு பாடவைக்காதீர்கள், காது சோம்பேறியாகிவிடும். குழந்தை ஒரு ஸ்வரத்தில் நின்ற பிறகு கட்டையை அழுத்திச் சரிபாருங்கள்.

கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இப்போது வேண்டாம். ரி-யையும் த-வையும் ஆரம்பத்திலிருந்தே அசைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஸ்வரம் நிற்கும் இடமே தெரியாத குழந்தை அசைத்தால் அது வெறும் நடுக்கமாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

இனி தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் (எண்ணிக்கை): ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்பிப் போடுவது), தட்டு வீச்சு. குழந்தைகள் தட்டை எண்ணாமல் விரல்களையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி லகுவை (முதல் நான்கு எண்ணிக்கையை) ஐந்தாக்கிவிடும். வீச்சை விழுங்கிவிடுவதும் உண்டு. சில நாள் பாட்டே இல்லாமல் "ஒண்ணு, ரெண்டு..." என்று எட்டு வரை வாயால் எண்ணிக்கொண்டே போடட்டும். கை வலது தொடையில் விழட்டும், காற்றில் ஆட்டினால் காலப்பிரமாணம் (சீரான வேகம்) நிற்காது.

முதல் சரளி வரிசை இதுதான்:

ஸ ரி க ம | ப த | நி ஸ் ||
ஸ் நி த ப | ம க | ரி ஸ ||

இங்கே 'ஸ்' என்று எழுதியிருப்பது மேல் ஸட்ஜம். அது ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரண்டு தடவை வருகிறது. குழந்தை அதை ஒரே ஸ-வாக நினைத்துப் பாடிவிட்டு நி-க்குத் தாவும். விளைவு, கடைசி ஸ-வுக்கு ஒரு அட்சரம் மிச்சம் இருக்கும், அடுத்த ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) வீச்சில் தொடங்கும். தாளம் தப்புகிறது என்று நீங்கள் கையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள், தப்பு இருப்பது மேல் ஸட்ஜத்தில். இரண்டு மேல் ஸட்ஜங்களுக்கும் நடுவில் மூச்சு எடுக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

காலம் மாற்றுவதுதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். முதல் காலத்தில் ஒரு அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை மாறவே கூடாது. குழந்தையோ கையையும் சேர்த்து வேகப்படுத்திவிட்டு "ரெண்டாங்காலம் பாடிட்டேன்" என்று சொல்லும். மெட்ரோனோமை (தாள வேகம் காட்டும் கருவியை) 60இல், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டில், வையுங்கள். முதல் காலத்தில் மேலே உள்ள இரண்டு வரிக்கு 16 விநாடி, இரண்டாம் காலத்தில் 8, மூன்றாம் காலத்தில் 4. அதாவது மூன்றாம் காலத்தில் ஒரே ஆவர்த்தனத்துக்குள் இரண்டு தடவை பாடி முடிக்க வேண்டும். அது முடியாவிட்டால் மெட்ரோனோமை 50க்கு இறக்கி, முதல் காலத்திலிருந்தே மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். முதல் காலத்தை 60இல் பாடிவிட்டு மூன்றாம் காலத்துக்கு மட்டும் தாளத்தைத் தளர்த்துவது நிறையப் பேர் செய்கிற சமாளிப்பு.

இதற்குக் குறுக்கு வழி என்றால், ஸ்வரத்துக்கு முன்னால் சொற்கட்டு. கை ஒரே சீராகப் போட்டுக்கொண்டிருக்க, வாய் ஒரு ஆவர்த்தனம் "த", அடுத்தது "தக", அடுத்தது "தகதிமி" என்று மாறட்டும். திரும்ப "தக", "த" என்று இறங்கவும் தெரிய வேண்டும். பிறகு நீங்கள் தாளம் போடுங்கள், குழந்தை பாடட்டும். அது சரிவந்த பிறகு குழந்தை போட, நீங்கள் பாடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வது கடைசியாக.

இரண்டாவது வரிசையில் பெரிய கஷ்டம் இல்லை. மூன்றாவதில், ஸ ரி க ஸ | ரி க | ஸ ரி என்று மூன்று மூன்று ஸ்வரமாக வருவது நான்கு எண்ணிக்கை லகுவில் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஸ-விலும் அழுத்தம் கொடுத்துக் கையைத் தவறவிடும் குழந்தைகள் அதிகம். அழுத்தமே இல்லாமல் ஒரே மட்டத்தில் பாடவையுங்கள். சரளி வரிசை நிலைத்த பிறகு அதையே அகாரத்தில் ("ஆ" என்று மட்டும்) பாடட்டும். ஸ்வரப் பெயர் என்ற ஊன்றுகோல் இல்லாதபோது ரி எங்கே நிற்கிறது என்று வெளிச்சமாகிவிடும். ஜண்டை வரிசைக்கு (இரட்டை ஸ்வரப் பயிற்சிக்கு) வரும்போது ஸஸ ரிரி கக என்பதில் இரண்டாவது ஸ்வரத்தைத்தான் அழுத்த வேண்டும், முதலாவதை அல்ல.

நேரம்: காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்துப் பிடிப்பதைவிட இது மேல். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக, ஆனால் ஒரே ஸ்ருதியில் இருவரும் பாட முடியாமல் போகலாம், தனித்தனியாக உட்காருங்கள். பெரியவர்களுக்குத் தாளமும் கணக்கும் சட்டென்று புரியும், தாடை இறுகிக்கொள்வதுதான் பிரச்சினை. வாயைத் தாராளமாகத் திறந்து அகாரம் நிறையப் பாட வேண்டியிருக்கும்.

பின்னால் ஆன்லைன் வகுப்பில் சேர்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். வீடியோ அழைப்பில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது, ஆசிரியர் போடும் தாளத்துக்குப் பாடினாலும் பொருந்தாது. தம்புராவும் தாளமும் குழந்தை பக்கத்திலேயே ஓட வேண்டும், ஆசிரியர் பாடிக்காட்டும்போது உங்கள் பக்கத்து மைக்கை அணைத்துவிடுங்கள். வீடியோ ஆப்பின் இரைச்சல் நீக்கும் வசதி தம்புராவையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட்' மாதிரி ஏதாவது இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.