அப்பாவை அம்மாவே குளிப்பாட்டலாமா?

கேள்வி: அப்பா பல மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளரை எப்போது அழைப்பது? அவர் என்னென்ன செய்வார்? அப்பாவைத் தன் கையால் குளிப்பாட்டி உடுத்திவிட வேண்டும் என்கிறார் அம்மா. அதற்கு விடுவார்களா?

பதில்: அம்மாவின் ஆசையிலிருந்தே தொடங்குகிறேன். தாராளமாகச் செய்யலாம். சில தொற்றுநோய்களால் இறந்தவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். வேறு காரணமில்லாமல் மறுப்பவரை அமர்த்தவே வேண்டாம்.

உயிர் பிரிந்து சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். கண்ணிமையும் தாடையும் கழுத்தும்தான் முதலில் இறுகும். அதனால் கண்களை உடனே மூடிவிட்டு, தாடைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்வார் ஏற்பாட்டாளர். தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துவார்; இல்லையென்றால் ரத்தம் முகத்தில் தேங்கி நிறம் மாறிவிடும். குளிப்பாட்டும்போது உடலை ஒருக்களித்துத் திருப்பினால், நெஞ்சில் தங்கிய காற்று முனகல் போல வெளியே வரலாம். உயிர் இருக்கிறதோ என்று வீடே பதறிப்போகும். நல்ல ஏற்பாட்டாளர் இதை அம்மாவிடம் முன்பே பக்குவமாகச் சொல்லிவைப்பார். அப்புறம், விறைத்த கையை மெல்ல நீவித் தளர்த்திச் சட்டைக்குள் நுழைக்கவும் அவருக்குத் தெரியும். அம்மா உடுத்துவார், அவர் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிப்பார்.

ஏற்பாட்டாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள். உயிரோடு இருக்கும்போதே இதைப் பேசுவதா என்று மனம் கூசும்; ஆனால் இப்போது பேசினால்தான் நிதானமாக யோசிக்க முடியும். அந்த நாளில் முதல் அழைப்பு, அப்பாவைப் பார்த்துவந்த மருத்துவருக்கு. இறந்ததை உறுதிசெய்து, காரணத்தை எழுதிச் சான்று தர வேண்டியவர் அவர்தான். அந்தச் சான்று இல்லாமல் ஏற்பாட்டாளரால் பெரும்பாலும் அடுத்த அடி வைக்க முடியாது. மரணத்தில் சந்தேகம் இருந்தால் காவல்துறை, பிரேதப் பரிசோதனை என்று வழி மாறும்.

சான்று கைக்கு வந்ததும் ஊர்தி, குளிர்பெட்டி, மயானத்தில் நேரம் வாங்குவது, பதிவு அலுவலகத்துக்கான படிவங்கள் எல்லாம் ஏற்பாட்டாளர் பொறுப்பு. படிவத்தில் அப்பாவின் பெயரை மட்டும் நீங்களே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் இதில் வேறு விதமாகவும் இருந்தால், பிறகு வங்கியிலும் காப்பீட்டிலும் அலைச்சல்தான். உடலில் இருக்கும் நகைகளை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தகனத்துக்கு முன் அதை எடுத்தாக வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும்.

எம்பாமிங் கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ரத்தக் குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தைச் செலுத்தி உடல் கெடுவதைத் தள்ளிப்போடும் முறை அது. விமானத்தில் வேறு நாட்டுக்கு அனுப்பவோ, பல நாள் வைத்திருக்கவோ பெரும்பாலும் தேவைப்படும். ஓரிரு நாளில் இறுதிச்சடங்கு முடிந்துவிடும் என்றால் குளிர்பெட்டியே போதும்.

கட்டணத்தை மொத்தத் தொகையாக ஒத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு செலவாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வேண்டாததை அடித்துவிடலாம். உங்கள் தரப்பில் அவரிடம் பேச ஒருவர் மட்டும் இருக்கட்டும். ஆளுக்கொன்று சொன்னால் அவர் யார் பேச்சைக் கேட்பார்? அமர்த்துவதற்கு முன் ஒருமுறை அம்மாவையும் அவரோடு பேசவிடுங்கள். அம்மாவின் கேள்விகளுக்கு அவசரப்படாமல் பதில் சொல்கிறாரா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.