மொட்டைமாடி ஒழுகல், வெளிச்சுவர் பெயின்ட்: அசோசியேஷன் செலவை எப்படிப் பிரிப்பது?

சென்னையில் 24 வீடு, கட்டி 15 வருடம், மேல்தளத்தில் ஒழுகல், சன்ஷேடில் கம்பி தெரிகிறது, தரைத்தளத்துக்காரர்கள் “எங்களுக்கு ஒழுகவில்லையே, நாங்கள் ஏன் தரவேண்டும்?” என்கிறார்கள். இதுதானே உங்கள் சிக்கல்? எங்கள் குடியிருப்பில் பொருளாளராக இருந்தபோது இதே வசனத்தை நானும் கேட்டிருக்கிறேன்.

பில்டரை மறந்துவிடுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைதான் அவர் பொறுப்பு.

மொட்டைமாடியும் வெளிச்சுவரும் பொதுச் சொத்து. தரைத்தளமும் தரத்தான் வேண்டும். உண்மையான சண்டை எந்தக் கணக்கில் என்பதில்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் போட்டால் சிங்கிள் பெட்ரூம்காரர் கத்துவார். யூடிஎஸ் (நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு) விகிதத்தில் போட்டால் மூன்று பெட்ரூம்காரர் கத்துவார். பைலாவில், அதாவது அசோசியேஷன் விதிகளில், என்ன இருக்கிறதோ அதுதான் முதல் பேச்சு. ஒன்றும் இல்லையென்றால், வாட்ச்மேன் சம்பளம் போன்ற மாதச் செலவு சமமாக இருக்கட்டும், பெரிய வேலை யூடிஎஸ் படி போகட்டும் என்பது என் கட்சி. பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். வாட்ஸப் குரூப்பில் கட்டைவிரல் காட்டியதெல்லாம் கணக்கில் சேராது. வாடகைக்கு இருப்பவரிடம் கேட்காதீர்கள், இது ஓனர் செலவு.

தொகையைச் சொல்வதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் எத்தனை சதுர அடி, என்ன வேலை என்று பட்டியல் எழுதி வாங்குங்கள். அதே பட்டியலுக்குத்தான் எல்லா கான்ட்ராக்டரும் விலை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பெயின்டுக்கு மட்டும் சொல்வார், இன்னொருவர் சாரம், பூச்சு, கம்பித் துரு எல்லாம் சேர்த்துச் சொல்வார்; எதை எதோடு ஒப்பிடுவது? துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, மறுபடி பூச்சு போட்ட பிறகுதான் பெயின்ட்; இதையெல்லாம் செய்யாமல் மேலே பெயின்ட் அடித்தால், பூச்சு உதிரும்போது அந்தப் பெயின்டும் சேர்ந்து உதிரும்.

பணம்? 18 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக வீட்டுக்கு 75,000. ஒரே மாதத்தில் கேட்டால் பாதிப்பேர் தரமாட்டார்கள். இன்னொரு வம்பும் உண்டு: அசோசியேஷனின் வருட வசூல் 20 லட்சத்தையும், ஒரு வீட்டின் மாதத் தொகை 7,500-ஐயும் தாண்டினால் 18% ஜிஎஸ்டி வந்து உட்காரும். ஆடிட்டரிடம் கேட்காமல் நோட்டீஸ் ஒட்டாதீர்கள். இந்த முறை சில தவணைகளாக வாங்குங்கள். அடுத்த முறைக்கு இப்போதே வீட்டுக்கு மாதம் 1,500 தனிக் கணக்கில் போட ஆரம்பித்தால் 5 வருடத்தில் 21.6 லட்சம், வட்டி தனி. பெயின்டுக்கு மறுபடி நேரம் வருவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

முக்கால்வாசிப் பணமாவது கைக்கு வராமல் சாரம் கட்ட விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் சுவர் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். கான்ட்ராக்டர் பில்லில் 10% பிடித்துவைத்து, அடுத்த மழையில் ஒழுகவில்லை என்று பார்த்தபின் கொடுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும், அப்புறம் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.