ராத்திரியில் அப்பாவைக் கூப்பிடும் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. புழக்கடையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, தருமபுரியில் சேர்த்திருக்கிறோம். நாளை ஆபரேஷன். சுகர், பிரஷர் இருக்கிறது, தாங்குவாரா? புத்தூர் கட்டு போதும் என்கிறார்கள் சிலர். நேற்று ராத்திரி முழுக்க, இறந்துபோன அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.
- வாசகர், பென்னாகரம்

பதில்: அப்பா வந்து கூப்பிடுகிறார், இனி அம்மா தங்கமாட்டார் என்று சொந்தத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். யாரும் கூப்பிடவில்லை. எலும்பு முறிந்து படுத்திருக்கும் வயதானவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பம் இது, டெலிரியம் என்போம். காரணம் பெரும்பாலும் தேடினால் கிடைக்கும். அடங்காத வலி, நெஞ்சில் சளி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், ரத்தத்தில் உப்போ சுகரோ இறங்குவது. பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் கிடக்கும் அம்மாக்களும் உண்டு.

அதனால் இதை இப்போதே டியூட்டி நர்ஸிடம் சொல்லுங்கள். "வயசாயிட்டா அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். "விழுந்த அன்றுகூடத் தெளிவாகப் பேசினார், நேற்றிலிருந்துதான் இப்படி" என்று சொன்னாலே டாக்டருக்குப் புரியும். உளறுகிறவரைக் கண்டால்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. எழுப்பினால் அரைக்கண் திறந்து, சாப்பாட்டை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுகிறாரே, அவரைப் பார்த்தால்தான் பயம். அதுவும் இதே டெலிரியம்தான், ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

அந்தத் தூக்க மாத்திரை! குழப்பத்தைக் கூட்டுவதே அதுதான். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? அட்டையை மயக்க டாக்டரிடம் காட்டுங்கள், இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். அம்மாவின் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் போதும், பத்துப் பேர் சுற்றி நின்று அழ வேண்டாம்.

சரி, ஆபரேஷன். சுகரும் பிரஷரும் டாக்டர்களுக்குப் புதிதில்லை. பல சமயம் முழு மயக்கம் கொடுக்காமல், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தே ஆபரேஷனை முடித்துவிடலாம். படுத்தே கிடந்தால்தான் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி எல்லாம் வரும். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் செய்யப் பார்ப்பது அதனால்தான். அமாவாசை கழியட்டும் என்று தள்ளாதீர்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். "ஐயோ பாவம்" என்று குறுக்கே போகாதீர்கள்.

புத்தூர் கட்டு வேண்டாம். இடுப்புப் பக்கம் உடைந்ததை வெளியே போடும் எந்தக் கட்டும் பிடித்து நிறுத்தாது.

அப்புறம், நின்ற இடத்தில் விழுந்ததற்கே உடைந்திருக்கிறது என்றால் எலும்பு முன்பே வலுவிழந்திருக்கிறது. கேழ்வரகுக் களி தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. டிஸ்சார்ஜுக்கு முன் எலும்பு பலத்துக்கான மருந்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.