அறுகம்பைக் கடைகளின் கோப்பிச் சக்கை: மிளகாய்க்கு நேரே போடலாமா?

கேள்வி: பொத்துவிலில் தோட்டம் செய்கிறேன், மணற்பாங்கான நிலம். அறுகம்பையில் மூன்று கோப்பிக் கடைகள் நாளுக்கு 6 கிலோ அளவில் ஈரச் சக்கை தருகின்றன. மிளகாய்க் கன்றுகளுக்கு அடியில் இரண்டு அங்குலக் கனத்துக்குப் போட்டேன். கன்றுகள் வெளிறி, வளராமல் நிற்கின்றன. தண்ணீர் ஊற்றினால் மேலாலேயே வழிந்து போகிறது. வாளியில் கிடந்த சக்கையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எப்படிச் சேர்த்துப் பாவிப்பது? ஆடுகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் கன்றுகளைப் பாருங்கள். அடியில் உள்ள சக்கையை இன்றே வழித்து எடுங்கள், மண்ணோடு கொத்திக் கலக்க வேண்டாம். சக்கையை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் கொஞ்ச நைதரசனையும் தாங்கள் எடுத்துவிடும், அதனால்தான் இலை வெளிறியது. சக்கையில் மிஞ்சியிருக்கும் கபீனும் தனினும் இளம் வேரை மடக்கும். தூள் நுண்மையானது என்பதால் காய்ந்ததும் ஓடு கட்டித் தண்ணீரை உள்ளே விடாது. வழித்த பிறகு ஒரு பங்கு சாணத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்து, தண்டில் படாமல் வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். மண் புளித்துவிட்டது, அதாவது அமிலமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சுண்ணாம்பு போடப் போகாதீர்கள். கோப்பியின் புளிப்பில் பெரும்பகுதி குடிக்கிறவரின் கோப்பையோடு போய்விடும்.

இனி, சேர்ப்பதற்கு முன் ஒரு கணக்கு. ஈரச் சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மாதம் 180 கிலோ சேர்த்தாலும் காய்ந்த எடை 70 கிலோ அளவில் நிற்கும். அதில் நைதரசன் நூற்றுக்கு இரண்டு என்று வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 3 கிலோ யூரியாவில் உள்ள அளவு. பொசுபரசும் பொட்டாசியமும் இன்னும் குறைவு. ஆகவே இதற்கென்று தனியாக ஆட்டோ பிடித்தால் நட்டம்தான். சந்தைக்கோ மீன் எடுக்கவோ போகும் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மணலுக்கு இதனால் வரும் பெரிய நன்மை ஈரம் பிடிக்கும் உக்கல்தான்.

கடைக்கு இரண்டாக, மூடியுள்ள 10 லீற்றர் வாளி ஆறு வாங்குங்கள். நிறைந்ததை எடுக்கும்போது கழுவிய வாளியை வைத்துவிட்டு வர வேண்டும், இரண்டு நாளைக்கு மேல் விடக்கூடாது. வாளியின் அடியில் ஒரு கை மரத்தூள் போட்டால் வடிநீர் தேங்காது. வாளி இருக்க வேண்டிய இடம் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சக்கை தட்டுகிற கையடியில். குசினி மூலையில் வைத்தால் பால் பெட்டி, சீனிப் பக்கற்று, ஸ்ட்ரோ எல்லாம் அதற்குள்தான் விழும். வடிதாள் மட்டும் விழலாம், அது உக்கும். பழத்தோலைச் சேர்த்து வாங்காதீர்கள். அந்த மணத்துக்கு யானை தோட்டத்துக்குள் வரும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்ததை மறக்க வேண்டாம்.

கொண்டுவந்த அன்றே படங்கில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, நன்றாகக் காய்ந்ததும் பசளைப் பையில் கட்டுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறியத் தேவையில்லை, அதுவும் குவியலுக்கு உதவும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு கிளறுங்கள்.

மூன்று கிழமைச் சக்கை ஒரு குவியலுக்குக் காணும். ஒரே 10 லீற்றர் வாளியால் அளந்து, சக்கை 20, வெட்டிய வைக்கோல் 50, கிளிரிசிடியா இலை 20, சாணம் 10 என்று எடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை போனால் காற்றோட்டம் அடைபட்டுப் புளிநாற்றம் வரும். காய்ந்த சக்கையை முதல்நாள் இரவே நனைத்து வையுங்கள், இல்லாவிட்டால் குவியலின் நடுவில் உலர்ந்த கட்டியாகவே கிடக்கும். மீற்றர் நீளம், அகலம், உயரத்துக்குக் குறைந்த குவியல் சூடாகாது. கையால் பிழிந்தால் ஓரிரு துளி வரும் ஈரம் போதும். கோடையில் மணல் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், எனவே மரநிழலில் ஒரு முழக் குழியில் அடுக்கிக் கிடுகால் மூடுங்கள். நான்காம் நாள் நடுவில் கைவைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு வராவிட்டால் பெரும்பாலும் ஈரக்குறைவு, சாணக்கரைசல் விடுங்கள். பத்தாம் நாளும், பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறையும் புரட்டுங்கள்.

மூன்று மாதம் வேண்டும். ஜூன் கடைசிக்குள் அடுக்கியது பெரும்போகத்துக்குக் கிடைக்கும். சுற்றுலாப் பருவம் முடியும் ஒக்டோபர் வரை வரும் சக்கையைக் குழியில் போடாமல் மேட்டில் அடுக்குங்கள். மாரி மழையில் குழி குளமாகிவிடும்.

ஆறிய கூட்டெருவைப் பாதி மணலோடு கலந்து பத்துப் பயறு விதையுங்கள், வெறும் மணலிலும் பத்து. முளைப்பு இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் சதுர மீற்றருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை இடலாம். நாற்றுமேடைக்கு வேண்டாம்.

ஆடுகளுக்குக் கொடுக்காதீர்கள். கபீன் அவற்றுக்கு ஆகாது, தனின் தீனியின் புரதத்தைக் கட்டிவிடும். நாயும் கோழியும் கிளறாதபடி பைகளை உயரத்தில் வையுங்கள்.