தங்கத் துகள்களை வரிசைப்படுத்துவது எது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கடலூரில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். பாலிஸ்டைரீன் என்னும் பாலிமர் போர்த்திய தங்க நானோதுகள்கள், கரைப்பான் ஆவியாகும்போது தாமாகவே படிகம்போல அடுக்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். மரக்காணம் உப்பளத்தில் உப்பு படிகமாவதற்கு மின்னேற்றங்களின் ஈர்ப்பு காரணம். மின்னேற்றமில்லாத இத்துகள்களுக்கு எது காரணம்? ஒழுங்கு கூடினால் என்ட்ரோபி (துகள்கள் அமையக்கூடிய வழிகளின் எண்ணிக்கையைக் காட்டும் அளவு) குறைய வேண்டுமல்லவா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றையொன்று சற்றும் ஈர்க்காத கடினக் கோளங்கள்கூட, நெரிசல் ஓரளவைத் தாண்டியதும் படிகமாகிவிடும் என்பதை 1957இலேயே கணினிக் கணக்கீடுகள் காட்டிவிட்டன. தாறுமாறாகக் கொட்டிய கோளங்கள் இடத்தில் சுமார் 64 விழுக்காட்டையே நிரப்பும். நெருங்கிய அடுக்கோ 74 விழுக்காடு வரை நிரப்பும். ஆகவே, நெரிசலில் வரிசையாக நிற்கும் துகளுக்கே தன்னிடத்தில் அசைந்தாட அதிக இடம் மிஞ்சுகிறது. அவ்வகையில் கூடும் என்ட்ரோபி, வரிசையில் நிற்பதால் குறைவதை ஈடுகட்டி மேலும் மிஞ்சிவிடுகிறது.

ஈர்ப்பே இல்லை என்பதும் சரியல்ல. தங்கக் கருக்களுக்கிடையே, மின்னேற்றமில்லாத துகள்களுக்கும் உள்ள வான்டெர்வால்ஸ் ஈர்ப்பு வலுவானது. போர்வை இல்லாவிட்டால் அவை மீளமுடியாதபடி திரண்டு, சிவந்த கரைசல் நீலம் பாய்ந்து கறுத்துவிடும். ஒருமுனையில் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) கொண்ட பாலிமர் சங்கிலிகள், கந்தகத்தின் வழியே தங்கத்தைப் பற்றிக்கொண்டு, தூரிகை மயிர்போல வெளிநோக்கி விறைத்து நின்று கருக்களை விலக்கி வைக்கின்றன. இடைவெளியின் அளவைச் சங்கிலியின் நீளமும் அடர்த்தியும் தீர்மானிக்கின்றன. கருவை ஒப்பிடச் சங்கிலி குட்டையானால் துகள் கடினக் கோளமாக நடந்துகொண்டு பெரும்பாலும் முகமையக் கனசதுர அடுக்கை (கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் துகள்கள்) தேடும்; மிக நீண்டால் மென்மையாகிப் பொருள்மையக் கனசதுரத்துக்கும் (மூலைகளிலும் கனசதுரத்தின் நடுவிலும் துகள்கள்) செல்லக்கூடும். எனக்கு இந்த ஆய்வுகளிலேயே சுவையான பகுதி இதுதான்.

கரைப்பான் விரைந்து உலர்ந்தால் துகள்கள் இடம் தேடுவதற்குள் உறைந்துபோகும். நம் கடற்கரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. டொலுவீன் போன்ற கரைப்பான் ஆவியாகையில் பரப்பு குளிர்வதால், ஐப்பசி கார்த்திகையின் ஈரக்காற்று அதன்மேல் பனித்துளிகளாகப் படிந்து, உலர்ந்த படலத்தில் துளைகளை விட்டுச்செல்லும். எனவே மூடிய பாத்திரத்தில், உலர்ந்த காற்றில், மெதுவாக ஆவியாக விடுங்கள். மின்னணு நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் ஒரு மூலையை மட்டும் படமெடுத்துப் படிகம் என்று முடிவுகட்டாமல், எக்ஸ்-கதிர் சிதறும் விதத்திலிருந்து துகள்களின் அடுக்கை அறியும் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலையும் செய்துபாருங்கள். அது மாதிரியின் பெரும்பரப்புக்குச் சராசரியாகப் பதில் சொல்லும்.